அகலக் கரண்டியின் பொய்க்கணக்கு

தியாகதுருகத்தில் பனி என்றால் தை மாதக் காலையில் மோட்டார் சைக்கிள் சீட்டைத் துணியால் துடைத்துவிட்டு உட்காருவது, அவ்வளவுதான். கல்வராயன் மலையேறி வெள்ளிமலைப் பக்கம் போனால் மூடுபனி கொஞ்சம் கூடுதல். உடம்பு கம்பளி கேட்கும். அள்ளிக் கொட்ட வேண்டிய பனி இந்த வட்டாரத்தில் யார் வாசலிலும் விழுந்ததில்லை. ஆனாலும் அந்தப் பனியை எதால் அள்ளுவது என்பதில் இங்கே தீர்மானமான கருத்துக்குக் குறைவில்லை. பிள்ளை டொராண்டோவில் இருப்பான். வீடியோ காலில் வாசலைக் காட்டுவான். துருகத்து மலை தெரியும் திண்ணையில் உட்கார்ந்தபடி அப்பா சொல்வார்: “இத்தனூண்டு கரண்டிய வச்சிக்கிட்டு என்னடா பண்ற? நல்லா அகலமா ஒண்ணு வாங்குடா, பத்து நிமிசத்துல முடிஞ்சிடும்.”

அப்பாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு கனடா போய்ச் சேர்ந்து, டொராண்டோ வட்டாரத்தின் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் நாற்பது குளிர்காலத்தைப் பார்த்துவிட்ட ஈழத்தமிழர் வீடுகளிலும் இதே பேச்சு புழங்குகிறது. முதல்முறை வீடு வாங்கியவருக்கு நவம்பர் மாதம் கிடைக்கும் அறிவுரை: “தம்பி, ஸ்கூப்தான் எடுக்க வேணும். அதிலும் பெரிசா ஒண்டு எடும்.” ஸ்கூப் என்பது குழிந்த அலகுள்ள ஷவல். முறத்தைக் கொஞ்சம் ஆழமாக்கிக் கம்பு மாட்டினாற்போல, மூன்று பக்கமும் விளிம்பு எழும்பி இருக்கும். நிறையக் கொள்ளும், சிந்தாது. எவ்வளவு பெரிய ஸ்கூப்போ அவ்வளவு குறைந்த தடவை குனியலாம், அவ்வளவு சீக்கிரம் வேலைக்குக் கிளம்பலாம் என்பது வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது, பனியைத் தராசில் வைக்கும் வரைக்கும்.

வைத்துப் பார்ப்போம். இரண்டு கார் பக்கம் பக்கமாக நிற்கும் வாசல், அதாவது டிரைவ்வே, 6 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம் என்று கொள்ளலாம். ஒரே இரவில் 20 செ.மீ. பனி கொட்டியிருக்கிறது. மொத்தம் 12 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்பனி கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருக்கும். ஆக வாசலில் கிடப்பது 1,200 கிலோ. நம் ஊர்க் கணக்கில் 25 கிலோ அரிசிச் சிப்பம் 48. அதே உயரத்துக்கு ஈரப்பனி விழுந்திருந்தால் கன மீட்டருக்கு 300 கிலோ வரை போகும். அப்போது 144 சிப்பம். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். உயரமும் ஒன்றுதான். எடை மூன்று மடங்கு.

இனி ஸ்கூப்புக்கு வரலாம். 45 செ.மீ. அகலம், 35 செ.மீ. நீளமுள்ள ஒரு நடுத்தர ஸ்கூப்பில் சராசரி 15 செ.மீ. உயரத்துக்குப் பனி ஏறினால் ஏறத்தாழ 24 லிட்டர் கொள்ளும். உலர்பனி என்றால் இரண்டரைக் கிலோ, விளையாட்டு. ஈரப்பனி என்றால் 7 கிலோ. இதையே 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம் என்று பெரிதாக்கி 18 செ.மீ. ஏற்றினால் கொள்ளளவு இரட்டிப்பாகி 48 லிட்டரைத் தாண்டுகிறது. உலர்பனிக்கு 5 கிலோ, தாங்கும். ஈரப்பனிக்குப் பதினாலரைக் கிலோ. அகலத்தில் ஒரு சாண்கூடக் கூடவில்லை. கையில் ஏறியது ஏழு கிலோவுக்கு மேல். கடையில் காலி ஸ்கூப்பைத் தூக்கிப் பார்த்து “லைட்டா இருக்கு” என்று வாங்கி வருகிறவருக்கு இந்தக் கணக்கு ஜனவரி விடியற்காலையில்தான் தெரியவரும்.

கனடாவில் தொழிலாளர் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் என்றே ஹாமில்டனில் ஒரு தேசிய மையம் இருக்கிறது. நிமிடத்துக்குப் பதினைந்து வாரல் என்ற வேகத்தில் அள்ளுகிறவருக்கு, ஷவலும் பனியும் சேர்த்து ஒரு தடவைக்கு 5 முதல் 7 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் பரிந்துரை. பனி ஷவலின் எடை ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கட்டும், ஒரு மீட்டர் தூரத்துக்கு மேல் வீச வேண்டாம் என்றும் சொல்கிறது. கழித்துப் பார்த்தால் பனிக்கு மிஞ்சுவது மூன்றரை முதல் ஐந்தரைக் கிலோ. நடுத்தர ஸ்கூப்பே ஈரப்பனியில் முக்கால்தான் நிரம்பலாம். பெரியதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். வின்னிபெக், எட்மன்டன் போன்ற நகரங்களின் கடுங்குளிரில் விழும் பனி மாவுபோல் உலர்ந்தது. அங்கே பெரிய ஸ்கூப் வைத்திருப்பவரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. தமிழர்கள் திரளாக வாழும் டொராண்டோ ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் வெப்பம் பூச்சியத்துக்கு மேலும் கீழுமாக ஊசலாடும். காலையில் பொடிப்பனி, மதியம் சொதசொதப்பு, இரவில் கட்டி. ஒரே நாளில் மூன்று பொருளை அள்ள வேண்டியிருக்கும் ஊரில், மூன்றிலும் லேசானதைக் கணக்கில் வைத்துக் கருவி வாங்குவதுதான் பெரிய ஸ்கூப் வாதத்தின் அடிப்படைப் பிழை.

இந்தப் பிழையை விவசாயப் பூமியிலிருந்து போனவர்கள் செய்வதுதான் வேடிக்கை. தியாகதுருகத்தில் மண்வெட்டி வாங்க வருகிறவர் கடையில் இருப்பதிலேயே அகலமானதைக் கேட்பதில்லை. வயலில் வரப்பு அணைக்க ஓர் அலகு, கல்லும் மண்ணும் கலந்த மேட்டுநிலத்துக்கு வேறு அலகு. கல்வராயன் மலைச்சரிவில் அகல மண்வெட்டியை ஓங்கினால் அது கல்லில் மோதித் திரும்பி வருமே தவிர இறங்காது. பொருளைப் பார்த்துக் கருவியைத் தேர்வது இங்கே பாடமாகச் சொல்லித்தரப்படுவதில்லை. கை தானாகத் தெரிந்துகொள்கிறது. கண்டம் தாண்டியதும் அந்தக் கைக்கு மறதி வந்துவிடுகிறது.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரத்து அரிசி ஆலைகளில் உலர்த்தும் எந்திரம் வருவதற்கு முன்பு நடந்த களத்து வேலையைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு விஷயமும் நினைவிருக்கும். அவித்த நெல்லைச் சிமெண்ட் களத்தில் பரப்புவார்கள். வெயில் ஏற ஏறக் காலால் சால் பிடித்தாற்போல் கிளறிவிட்டு நடப்பார்கள். குவிக்கும் நேரம் வந்ததும் கூடையோ முறமோ வராது; நெல் தள்ளும் பலகை வரும். அகலமான பலகை, நடுவில் நிமிர்ந்த கைப்பிடி. ஒருவர் பிடித்து அழுத்துவார், இன்னொருவர் கயிற்றைக் கட்டி முன்னால் இழுப்பார். நெல் தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பாமல் களம் முழுவதும் நகர்ந்து குவியலாகும். தூக்குவது கடைசியில், மூட்டை பிடிக்கும்போது மட்டும்தான். அதுவும் சின்னக் கூடையில். டன் கணக்கில் நெல்லைக் கையாண்ட அந்த ஆட்கள் பெரிய கரண்டி கேட்டு அடம்பிடிக்கவில்லை. முடிந்தமட்டும் தூக்காமல் இருப்பது எப்படி என்றுதான் யோசித்திருக்கிறார்கள்.

கனடாவில் அந்தப் பலகைக்குப் பெயர் புஷர். அதே கடையில், ஸ்கூப்புக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கும். லேசாக வளைந்த அகல அலகு, தள்ளுவதற்கென்றே செய்தது. பனியைத் தூக்காமல் தள்ளுவதால் அதில்தான் 60 செ.மீ., 75 செ.மீ. அகலத்துக்கு அர்த்தம் இருக்கிறது. 

பெரிய ஸ்கூப்காரர்கள் விடமாட்டார்கள். “பெரிய ஸ்கூப்பில் பாதி மட்டும் அள்ளினால் போயிற்று, தேவைப்பட்டால் நிறைய அள்ளலாம்” என்பார்கள். இருப்பதிலேயே வலுவான வாதம் இதுதான். ஆகவே இதற்குத்தான் நின்று பதில் சொல்ல வேண்டும்.

முதலில், பாதி அள்ளுவது பெரிய ஸ்கூப்பில் அத்தனை சுலபமில்லை. 60 செ.மீ. அகலத்தைப் பனிக்குள் செலுத்தினால் 60 செ.மீ. பனியும் சேர்ந்துதான் ஏறும். நுனியில் மட்டும் கொஞ்சம் எடுத்தால் பாரம் கையிலிருந்து தள்ளிப்போய் உட்காரும். தராசுக்கோலின் கடைசியில் தொங்கும் கல்லைப் போல, அந்தத் தூரமே எடையைக் கூட்டிக் காட்டும். அகல அலகு கெட்டிப்பனியில் இறங்கவும் மறுக்கும். அந்த உந்தலும் முதுகுக்குத்தான். இரண்டாவது, அவசரத்தில் இருக்கும் மனிதன் பாத்திரத்தைப் பாதியில் நிறுத்துவதில்லை. கட்டட வேலையில் கான்கிரீட் போடும் நாளில் பார்க்கலாம். வரிசையாக நின்று சட்டி மாற்றும் சித்தாட்களுக்குச் சின்னச் சட்டி கொடுத்திருப்பார்கள். பெரிய சட்டியைக் கொடுத்துவிட்டு “பாதி போடு” என்று மேஸ்திரி சொன்னால் முதல் பத்துச் சட்டி பாதியாக வரும். பதினோராவது முக்காலாகும். அரைமணி நேரத்தில் தளும்பும். “நெறயா போடாதண்ணே” என்று வரிசையிலிருந்து குரல் வரும். அளவைப் பாத்திரம் தீர்மானிக்கட்டும், மனுசன் தீர்மானிக்க வேண்டாம் என்பது கட்டட வேலைக்காரர்கள் அனுபவத்தில் எடுத்த முடிவு.

அதே முடிவுக்கு அமெரிக்காவில் ஒருவர் நிறுத்தற்கடிகாரத்தோடு வந்து சேர்ந்தார். பிரடெரிக் டெய்லர். பென்சில்வேனியாவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசி வருடங்களில் வேலை பார்த்தவர். அந்த ஆலையில் ஆட்கள் தங்கள் சொந்த ஷவலைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அதாலேயே அள்ளினார்கள். பொடி நிலக்கரியை அள்ளும்போது ஒரு தடவைக்கு 3.5 பவுண்டு ஏறியது. அதே ஷவலில் இரும்புத்தாதை அள்ளினால் 38 பவுண்டு. டெய்லர் அளந்து பார்த்து, ஒரு தடவைக்கு 21 பவுண்டு, அதாவது ஒன்பதரைக் கிலோ ஏறும்போதுதான் நாள் முடிவில் அதிக வேலை நடக்கிறது என்று கண்டார். தாதுக்குச் சின்ன ஷவல், சாம்பலுக்குப் பெரிய ஷவல் என்று எட்டு, பத்து வகை செய்து ஆலையே கொடுத்தது. 1911இல் வெளிவந்த அவர் புத்தகத்தின்படி, 400 முதல் 600 பேர் செய்த வேலையை 140 பேர் செய்தார்கள்.

டெய்லரைத் தொழிலாளர்களின் நண்பர் என்று யாரும் சொல்வதில்லை. அவர் சொன்ன கதைகள் சிலவற்றை வரலாற்றாசிரியர்கள் சந்தேகத்தோடுதான் படிக்கிறார்கள். ஆனால் ஆளிடமிருந்து கடைசிச் சொட்டு வேலை வரை கறக்க நினைத்த அந்த மனிதரே “பெரிய ஷவல் கொடு” என்று சொல்லவில்லை என்பது கவனிக்க வேண்டியது. அவருடைய ஒன்பதரைக் கிலோவும் தேர்ந்தெடுத்த கட்டுமஸ்தான ஆட்களுக்கான அளவு. நாளெல்லாம் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு, வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் மட்டும் ஷவலைத் தொடும் ஐம்பது வயதுக்காரருக்கு அது பொருந்தாது.

அடுத்த வாதம் வடக்கைக் காட்டும். “பனி மலைபோல் கொட்டும் ஊர்க்காரர்களே பெரிய ஸ்கூப்தானே வைத்திருக்கிறார்கள்?” உண்மைதான். மிச்சிகன் மாநிலத்தின் வடக்குத் தீபகற்பத்தில் கீவீனா என்ற பகுதி இருக்கிறது. 1978-79 குளிர்காலத்தில் அங்கே 390 அங்குலம், அதாவது ஏறக்குறைய 10 மீட்டர் பனி பெய்தது. அந்த வட்டாரத்து வீடுகளில் ஒரு பெரிய தகரத் தொட்டிபோல ஸ்கூப் இருக்கும், குழந்தையை உட்கார வைக்கலாம் என்கிற அளவுக்கு. சுரங்க வேலைக்கு வந்து அங்கே குடியேறியவர்களில் பின்லாந்துக்காரர்கள் ஏராளம். பின்லாந்தில் இதே போன்ற கருவிக்குக் கோலா என்று பெயர். பார்த்தவர்கள் அதன் அளவை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டார்கள், அது வேலை செய்யும் விதத்தை விட்டுவிட்டார்கள். அதை யாரும் தூக்குவதில்லை. பனிக்கடியில் சறுக்கிச் செலுத்தி, கைப்பிடியை லேசாக அழுத்திச் சாய்த்து, சறுக்குவண்டி போலத் தள்ளிக்கொண்டு போய்க் கவிழ்க்கிறார்கள். கியூபெக்கிலும் அந்த வகை உண்டு. ஆக, பெரிய ஸ்கூப்புக்குச் சாட்சியாக அழைக்கப்படும் ஊர்க்காரர்கள் கூண்டில் ஏறினால் சொல்லப்போவது, பெரியதைத் தூக்காதே என்பதுதான். ஸ்கார்பரோவின் ஒட்டு வீடுகளுக்கு அந்தத் தொட்டியும் சரிப்பட்டு வராது. தள்ளிக்கொண்டு போய்க் கவிழ்க்க இடம் வேண்டும். படிக்கட்டில் அது ஏறாது. பனியைச் சாலையில் தள்ளினால் மாநகராட்சி சும்மா விடாது.

முதுகைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்த முடியாது. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக் கணக்கைத் தொகுத்த ஓர் ஆய்வின்படி 1990 முதல் 2006 வரை பனி ஷவலால் அடிபட்டோ உடல்நலம் கெட்டோ வந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 11,500 பேர். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு இடுப்புதான். இறந்தவர்களைப் பார்த்தால் எல்லாரும் இதயத்தால் போனவர்கள். 1995இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான சோதனை இன்னும் நெருங்கிக் காட்டுகிறது. உடற்பயிற்சிப் பழக்கமில்லாத, நோயில்லாத பத்து ஆண்களை ஈரமான கனத்த பனியை அள்ளச் சொன்னார்கள். இரண்டே நிமிடத்தில் இதயத்துடிப்பு, உடற்பயிற்சிக்கு மருத்துவர்கள் வகுத்த மேல்வரம்பைத் தாண்டிவிட்டது. அள்ளி முடித்தபோது சராசரி 175. பனி ஊதும் எந்திரத்தைத் தள்ளியபோது அதே ஆட்களுக்கு 124.

கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையிலான மாரடைப்புப் பதிவுகளை வைத்து 2017இல் வந்த ஆய்வு, 20 செ.மீ. பனி விழுந்த மறுநாள் ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு, பனி விழாத நாளைவிட 34 விழுக்காடு கூடுவதைக் கண்டது. ஆய்வாளர்கள் ஷவலை யார் கையிலும் பார்த்து எழுதவில்லை. பனி அள்ளுவது காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள். பெண்களிடம் அந்த ஏற்றம் தெரியவில்லை என்பது ஊகத்துக்கு வலுச் சேர்க்கிறது. குளிர்காற்று ரத்தக்குழாயைச் சுருக்கும். பாரத்தைத் தூக்கும் நொடியில் மூச்சைப் பிடிப்பது வழக்கம். ரத்த அழுத்தம் எகிறும். ஒவ்வொரு வாரலிலும் பாரம் கூடக் கூட இது கடுமையாகும்.

“நம்மது உழைச்ச உடம்பு” என்ற பெருமைக்கு இங்கே இடமில்லை. உழைத்தது இருபது வருடத்துக்கு முந்தைய உடம்பு. தெற்காசிய வம்சாவளியினருக்கு இதயநோய் கூடுதலாகவும் சின்ன வயதிலேயும் வருகிறது என்பது கனடாவிலேயே நடந்த ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. அந்த உடம்பின் கையில் பதினாலரைக் கிலோவைக் கொடுத்து நிமிடத்துக்குப் பதினைந்து தடவை வீசச் சொல்வதற்குப் பெயர் சிக்கனம் என்றால் என்ன சொல்வது.

எந்திரம் வாங்கிவிட்டால் ஷவல் பேச்சே எழாதே என்பார் ஒருவர். வயதானவருக்கும் இதயநோய் உள்ளவருக்கும் பெரிய வாசல்காரருக்கும் அது சரியான முடிவுதான். 124ம் 175ம் போதுமான சாட்சி. ஆனால் படிக்கட்டுக்கும் இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள சந்துக்கும் எந்திரம் போகாது. சொதசொதப்புப் பனியில் அதன் வாய் அடைத்துக்கொள்ளும். அடைப்பைக் கையால் எடுக்கப்போய் விரலை இழந்தவர்கள் உண்டு. எந்திரம் உள்ள வீட்டிலும் மூலையில் ஒரு ஷவல் சாய்ந்திருக்கிறது.

சில்லறை நம்பிக்கைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். உலோக அலகு உழைக்கும் என்பது சரி. கனமும் கூடும், வாசலில் பதித்த கல்லின் இடுக்கில் சிக்கித் திடீரென்று நின்று கைப்பிடியை வயிற்றில் இடிக்கும். பிளாஸ்டிக் அலகின் நுனியில் மட்டும் உலோகப் பட்டை வைத்தது போதும். வளைந்த கம்பு குனிவைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. தள்ளும்போதும் தூக்கும்போதும் உதவும், வீசும்போது கைக்குள் திருகும். பனி அலகில் ஒட்டாமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று அம்மாக்கள் கேட்பதுண்டு. 24 டிகிரிக்குக் கீழேயே உறையும் எண்ணெய் அது. அலகில் தடவினால் அங்கே மெழுகாகத்தான் நிற்கும். அதற்கு மெழுகுவத்தியையே தேய்த்துவிடலாம். எண்ணெய் தலைக்கு ஆகட்டும்.

ஸ்கூப்புக்கு உரிய இடம் எது என்று சொல்லாவிட்டால் இந்த மறுப்பு பாதியில் நிற்கும். மாநகராட்சியின் பனி ஒதுக்கும் வண்டி விடிய விடியச் சாலையைச் சுத்தம் செய்துகொண்டு போகும். ஒதுக்கிய பனி ஒவ்வொரு வாசலின் வாயிலும் நீளமாகப் படியும். அச்சாக வரப்பு. முழங்கால் உயரம், உப்பும் அழுக்கும் கலந்து இறுகிய கட்டி, கன மீட்டருக்கு 500 கிலோவைத் தொடக்கூடியது. புஷர் அங்கே மூக்கை முட்டிக்கொண்டு நின்றுவிடும். ஸ்கூப் அங்கேதான் வேண்டும். அந்த வரப்பில் பெரிய ஸ்கூப்பை நிறைத்தால் 24 கிலோ. ஏறக்குறைய ஓர் அரிசிச் சிப்பத்தைக் கம்பு நுனியில் வைத்து மார்பு உயரத்துக்கு வீசுகிற வேலை. நடுத்தர ஸ்கூப்பிலேயே நிறைத்தால் 12 கிலோ வரும். அதையும் அரைவாசிக்குச் சற்றுக் கீழேயே நிறுத்த வேண்டும். மண்வெட்டியால் வரப்புக் கழிப்பதுபோல் மேலிருந்து துண்டு துண்டாக நறுக்கி எடுத்தால் அது நடக்கும். வாசலின் மிச்சப் பனியெல்லாம், 20 செ.மீ. சேரும்வரை காத்திராமல் ஐந்து, ஆறு செ.மீ. விழும்போதே இறங்கி ஓரத்துக்குத் தள்ளிவிடக் கூடியது.

கடையில் நிற்கிறவர் ஒரு சின்னக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளலாம். ஈரப்பனியின் எடை, அதே கொள்ளளவுத் தண்ணீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஸ்கூப்பை எடுத்து, இதில் எத்தனை குடம் தண்ணீர் பிடிக்கும் என்று கண்ணால் மட்டுக்கட்டி மூன்றால் வகுத்தால் ஜனவரி மாதத்துப் பாரம் கையிலேயே தெரிந்துவிடும். டொராண்டோ வீட்டுக்கு 45 செ.மீ. அகலம், ஒன்றரைக் கிலோ எடை, நிமிர்த்தி வைத்தால் நெஞ்சுக்கு வரும் கம்பு உள்ள ஸ்கூப் போதும்; அதற்கு மேல் பெரிய ஸ்கூப்புக்குக் கொடுக்கும் காசை ஒரு புஷரில் போட வேண்டும்.